காலம் நான்காவது பரிமாணம்தான். ஆனால் நான்காவது திசை அல்ல



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலக் காப்பியோடு உட்கார்ந்து படிக்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். தேர்வு கிடையாது, பயப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றிச் சுற்றி வருகிறது. "காலம் என்பது நான்காவது பரிமாணம், ஐன்ஸ்டீனே சொல்லிவிட்டார். சென்னையும் மதுரையும் இருப்பதுபோல நேற்றும் நாளையும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நாளை நடக்கப்போவது ஏற்கெனவே அங்கே நடந்து முடிந்துவிட்டது. நாம் வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டே போகிறோம்." பின்னணியில் ஒரு வீணை இசை வேறு. எனக்கு மட்டும் ஆறேழு பேர் அனுப்பியிருக்கிறீர்கள்.

வெறும் வேடிக்கை என்றால் விட்டிருப்பேன். விட முடியாததற்கு இரண்டு காரணங்கள். எங்கள் உறவில் ஒருவர், டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டால், "மாமா, வரவேண்டியது அங்கே எழுதியிருக்கு. நம்ம பெரியவங்க சொன்னதைத்தான் இப்ப சயின்ஸும் சொல்லுது" என்கிறார். இன்னொருவர் என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவர். போட்டித் தேர்வில் இரண்டு முறை போய்விட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு எழுதுகிறார்: "சார், ரிசல்ட் ஏற்கெனவே இருக்குன்னா, நான் எதுக்கு சார் படிக்கணும்?"

34 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். என் பாடத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதும், இன்னொருவர் புத்தகத்தை மூடி வைப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலத்தையும் இடத்தையும் இயற்பியல் ஒன்றாகச் சேர்த்தது உண்மை. இரண்டும் ஒன்றே என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. சேர்த்த அதே சமன்பாட்டில் வித்தியாசத்தையும் எழுதி வைத்திருக்கிறது. வீடியோக்காரர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

முதலில் நம் பேச்சையே எடுத்துக்கொள்வோம். காலத்தைப் பற்றிப் பேச நமக்கு இடத்தின் சொற்கள்தான் கைகொடுக்கின்றன. 'முன்' என்றால் எதிரே. 'பின்' என்றால் முதுகுப் பக்கம். ஆனால் முன்னோர் என்றால் நமக்கு முந்திப் போனவர்கள். "பின்னால பார்த்துக்கலாம்" என்றால் வரப்போகும் நாளில். அதே 'முன்' முன்னேற்றம் என்று வரும்போது எதிர்காலத்தைக் காட்டுகிறது! ஒரே சொல் இரண்டு பக்கமும் திரும்புகிறது. நேர்மாறாகவும் செய்வோம். "பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "பத்து நிமிஷம்" என்பது பதில். தூரத்தைக் கேட்டவருக்கு நேரத்தைக் கொடுக்கிறோம், அவரும் கோபித்துக்கொள்ளாமல் நடக்கிறார்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்கிறது. மற்றதெல்லாம் அவற்றின் மேல் நிற்பவை. நான் கவனிக்கச் சொல்வது, சேர்த்துச் சொன்னாலும் இரண்டு பெயர் கொடுத்திருக்கிறது என்பதை. தொல்காப்பியருக்கு சார்பியல் தெரியும் என்று யாரும் உடனே ஒரு வீடியோ போட்டுவிடாதீர்கள். நான் சொல்வது சாதாரண அனுபவத்தை. இடமும் காலமும் எப்போதும் ஜோடியாகத்தான் வருகின்றன, ஆனாலும் யாரும் ஒன்றை இன்னொன்று என்று நினைத்ததில்லை.

இனி பாடம்.

1905இல் ஐன்ஸ்டீன் சிறப்புச் சார்பியலை வெளியிட்டார். அதை வடிவியலாக மாற்றியவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. இவர் சூரிச்சில் ஐன்ஸ்டீனுக்குக் கணக்கு வாத்தியார். ஐன்ஸ்டீன் இவர் வகுப்புக்கு ஒழுங்காக வராத மாணவர். (கடைசி பெஞ்சுக்காரர்கள் சிரிக்கலாம்.) அந்த வாத்தியார்தான் 1908 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். இனிமேல் இடம் தனி, காலம் தனி என்ற எண்ணம் நிழலாகிவிடும், இரண்டும் சேர்ந்த ஒன்றுதான் நிற்கும் என்பது அந்த உரையின் சாரம். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1909 ஜனவரியில் குடல்வால் நோயால் இறந்துவிட்டார். வயது 44. 'காலம் நான்காவது பரிமாணம்' என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதற்கு அந்த உரை ஒரு பெரிய காரணம்.

சரி, அவர் எப்படிச் சேர்த்தார்? பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். கணக்கென்றாலே அலர்ஜி என்கிற பெரியம்மா, சித்தப்பாக்களும் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மைதானத்தில் கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடி நடக்கிறீர்கள். புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம்? பிதாகரஸ்: 9ஐயும் 16ஐயும் கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. கூட்டல். கிழக்கும் வடக்கும் சமமான பங்காளிகள். நீங்கள் மைதானத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து அளந்தாலும் 5 மாறாது.

இப்போது காலத்தைச் சேர்ப்போம். ஒரு விண்கலம் 3 ஒளியாண்டு தூரம் போகிறது. பூமியின் கடிகாரப்படி அதற்கு 5 ஆண்டுகள் ஆகின்றன. கலத்தில் இருப்பவரின் கடிகாரத்தில் எத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கும்? 25இலிருந்து 9ஐக் கழிக்க வேண்டும். 16. வர்க்கமூலம் 4. அவருக்கு 4 ஆண்டுகள்தான். கூட்டல் இல்லை, கழித்தல்!

அவ்வளவுதான் விஷயம். இடத்தோடு இடத்தைச் சேர்க்கும்போது கூட்டல் குறி. காலத்தோடு இடத்தைச் சேர்க்கும்போது கழித்தல் குறி. மூன்று பேர் ஒரு மாதிரி, நான்காமவர் வேறு மாதிரி. இந்தக் கழித்தல் குறியை யாராலும் நீக்க முடியாது. சிலர் கற்பனை எண்ணைப் போட்டுக் கூட்டல் போலக் காட்டுவார்கள். மின்கோவ்ஸ்கியே அப்படி எழுதிக் காட்டியிருக்கிறார். ஆனால் அது திரை போட்டு மறைப்பதுதான். குறி உள்ளேதான் இருக்கும். 'காலமும் இடமும் ஒன்றே' என்று சொல்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அந்தக் கழித்தல் குறி எங்கே போச்சு?"

ஒரு குறிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைக்கலாம். மதிப்பெண் பட்டியலில் ஒரு குறி மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே மூன்று காரியங்கள் ஆகின்றன.

முதல் காரியம். இடத்தில் நேர்க்கோடுதான் மிகக் குறைந்த தூரம். சுற்றிப் போனால் தூரம் கூடும். காலத்தில் தலைகீழ். மேலே சொன்ன விண்கலம் அதே வேகத்தில் திரும்பி வந்தால், வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு 10 வயது கூடியிருக்கும், சுற்றி வந்தவருக்கு 8தான் கூடியிருக்கும். நேராக வந்தவர் அதிக நேரம் வாழ்ந்தவர், சுற்றி வந்தவருக்குக் குறைவு. கழித்தல் குறி செய்கிற வேலை.

இது காகிதக் கணக்கு இல்லை. வானத்தின் மேலடுக்கில் காஸ்மிக் கதிர்கள் மோதி மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அதன் சராசரி ஆயுள் ஒரு நொடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த ஆயுளில் 660 மீட்டர்தான் ஓட முடியும். ஆனால் பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை நம் மொட்டைமாடிக்கு வந்து சேருகின்றன. இப்படிப்பட்ட துகள்களை வைத்து ஐன்ஸ்டீனைச் சோதிக்கலாம் என்று 1938இலேயே சுட்டிக்காட்டியவர் நம் ஹோமி பாபா. 1963இல் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் மலை மேலே மணிக்குச் சுமார் 560 மியூவான்களை எண்ணினார்கள். காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடினால், சுமார் 1900 மீட்டர் கீழே கடல் மட்டத்தில் 27தான் மிஞ்ச வேண்டும். எண்ணிப் பார்த்தால் 400க்கு மேல் இருந்தன. கழித்தல் குறி சரி, பாஸ்.

இரண்டாவது காரியம். இடத்தில் திரும்பலாம். கிழக்கே பார்த்து நிற்பவர் மெல்ல மெல்லத் திரும்பி மேற்கே பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். காலவெளியில் அப்படி முடியாது. வேகம் கூடக்கூட உங்கள் பாதை சாய்கிறது, சாய்ந்துகொண்டே போகிறது, ஆனால் ஒளியின் வேகம் என்ற கோட்டைத் தொட முடியாது. அதைத் தாண்டாமல் திரும்பிப் பார்த்து நேற்றைக்கு நடக்க வழியில்லை. அதனால்தான் தலைப்பில் 'திசை அல்ல' என்றேன். திசை என்றால் நாம் திரும்ப முடிந்தது. காலம் பரிமாணம், ஆனால் திரும்ப முடிந்த திசை இல்லை. இன்னொன்று. இடம் மூன்று, காலம் ஒன்றே ஒன்று. ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகலாம். வரப்போகிற திங்கட்கிழமையைச் சுற்றிக்கொண்டு செவ்வாய்க்குப் போக முடியுமா?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்கு 1949இல் கணித மேதை குர்ட் கோடெல் ஒரு தீர்வு கண்டார். அதில் பிரபஞ்சம் முழுவதும் சுழலும், ஒருவர் போய்க்கொண்டே இருந்து தன் கடந்த காலத்துக்கே வந்துவிடலாம். ஐன்ஸ்டீனின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டிய மலரில் இதைப் பற்றி எழுதினார். நல்ல பரிசுதான்! ஆனால் அந்தப் பிரபஞ்சம் விரியாது. நம்முடையது விரிகிறது. நாம் குடியிருக்கும் வீடு அது இல்லை.

மூன்றாவது காரியம்தான் எனக்கு முக்கியம். காரணமும் விளைவும். இடது, வலது என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. எனக்கு இடப்பக்கம் இருக்கும் வேப்பமரம் எதிரே நிற்பவருக்கு வலப்பக்கம். இதில் யார் சரி என்று சண்டையில்லை. 'முந்தி, பிந்தி' என்பதும் அப்படியா? வீடியோ 'ஆம்' என்கிறது. இயற்பியலின் பதில் அவ்வளவு சுலபமில்லை.

சூரியனிலிருந்து ஒளி இங்கு வர சுமார் 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. நீங்கள் இந்த வரியைப் படிக்கிற இந்தக் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனில் இதற்கு 8 நிமிடம் 20 நொடிக்கு முன்னும், அதே அளவு பின்னும், மொத்தம் 16 நிமிடம் 40 நொடி நேரத்துக்குள் நடப்பது எதுவும் உங்களுடைய இந்தக் கணத்தைப் பாதிக்காது. இந்தக் கணமும் அதைப் பாதிக்காது. அந்த இடைவெளிக்குள் நடப்பவற்றில் எது இந்தக் கணத்துக்கு முந்தியது, எது பிந்தியது என்று வேறுவேறு வேகத்தில் போகிறவர்கள் வேறுவேறாகச் சொல்வார்கள். இது உண்மை, வியப்பான உண்மை. வீடியோ இதை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் ஒரு நிகழ்ச்சி இன்னொன்றைப் பாதிக்க முடியும் என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு செய்தி போய்ச்சேர முடியும் என்றால், எது முதல், எது பிறகு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. எந்த விண்கலத்திலிருந்து பார்த்தாலும், எவ்வளவு வேகத்தில் போனாலும், விதை முதலில், முளை பிறகு. மாத்திரை முதலில், குணம் பிறகு. சார்பியல் 'இப்போது' என்பதைத்தான் ஆட்டம் காண வைத்தது. 'அதனால்' என்பதை அது தொடவே இல்லை. அந்தக் கழித்தல் குறி காரணகாரியத்துக்குக் காவல் நிற்கிறது.

இனி, நன்றாகப் படித்த மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "சார், நேற்றுக்கும் நாளைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதே, பால் டிகாஷனில் கலக்கும், தானாகப் பிரியாது. அதுவும் கழித்தல் குறியா?" இல்லை. அது வேறு கதை. நியூட்டன் விதியிலும் மின்காந்த விதியிலும் காலத்தைத் திருப்பிப் போட்டாலும் சமன்பாடு சரியாகவே இருக்கும். நிலா பூமியைச் சுற்றுவதைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. காப்பி ஆற்றுவதைப் பின்னோக்கி ஓட்டினால் குழந்தைகூடச் சிரிக்கும். கலைந்து கிடக்கும் நிலைகளின் எண்ணிக்கை கோடானுகோடி, ஒழுங்காக இருக்கும் நிலைகள் கொஞ்சம். அதனால் போக்கு கலைவதை நோக்கியே இருக்கும். என்ட்ரோபி என்று நடத்தினேனே, அதுதான். இதை விளக்கியவர் போல்ட்ஸ்மான்.

அவர் ஒரு அழகான ஒப்புமை சொல்லியிருக்கிறார். இடத்தில் மேல், கீழ் என்று ஒன்று கிடையாது. ஆனால் பூமியில் நிற்பவருக்கு 'கீழ்' உண்டு, ஏனென்றால் பூமி இழுக்கிறது. அதுபோலக் காலத்தின் போக்கும் நாம் இருக்கும் சூழலைப் பொறுத்ததாக இருக்கலாம் என்றார். நமக்குக் 'கீழ்' என்பதைக் கொடுப்பது பூமி. நமக்கு 'நேற்று' என்பதைக் கொடுப்பது, சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிக ஒழுங்கான நிலையில் தொடங்கியது. அது ஏன் அப்படித் தொடங்கியது என்பது இன்றும் திறந்திருக்கும் கேள்வி. ஆகவே வித்தியாசத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தையும் விளைவையும் இடம் மாறாமல் வைப்பது காலத்தின் சொந்த இயல்பு. கலைந்தது சேராமல் இருப்பது பிரபஞ்சத்தின் சரித்திரம். இரண்டும் இடத்துக்கு இல்லாதவை.

மிஞ்சுவது 'இப்போது'. இங்கேதான் தத்துவம் உள்ளே வருகிறது.

'இங்கே' என்பது நான் நிற்கும் இடம், அவ்வளவுதான். நான் திருச்சியில் இருக்கும்போது சென்னை இல்லாமல் போய்விடாது. 'இப்போது' என்பதும் அதுபோல் நான் நிற்கும் தேதி மட்டும்தானா? அப்படியென்றால் 1985ஆம் ஆண்டு வகுப்பறையும் எங்கேயோ 'இருக்கிறது' என்று ஆகும். பல இயற்பியலாளர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐன்ஸ்டீனின் நெருங்கிய நண்பர் மிஷேல் பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், இயற்பியலை நம்புகிற எங்களுக்குக் கடந்தது, நிகழ்வது, வருவது என்ற பிரிவு ஒரு பிடிவாதமான மாயைதான் என்ற பொருளில் எழுதினார். அடுத்த மாதம் 18ஆம் தேதி அவரே போய்விட்டார். வீடியோவில் வருவது இந்தக் கடிதம்தான். அது துக்க வீட்டுக்கு எழுதியது என்பதை மட்டும் சொல்வதில்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் சொன்ன ஆறுதலை எடுத்து ஆராய்ச்சி முடிவு என்று அச்சடிக்கலாமா?

அதே ஐன்ஸ்டீன் தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னாப்பிடம், இந்த 'இப்போது' தன்னை மிகவும் உறுத்துகிறது என்று சொல்லியிருக்கிறார். மனிதனுக்கு 'இப்போது' என்பது நேற்றிலிருந்தும் நாளையிலிருந்தும் அடிப்படையிலேயே வேறு, ஆனால் அந்த வேறுபாடு இயற்பியலுக்குள் அகப்படவில்லை என்பது அவர் வருத்தம். கார்னாப் தன் வாழ்க்கைக் குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்த ஐன்ஸ்டீன் எந்த வீடியோவிலும் வருவதில்லை.

இதற்கும் முன்னால் 1922 ஏப்ரல் 6 அன்று பாரிஸில் ஐன்ஸ்டீனும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்சனும் ஒரே கூட்டத்தில் எதிரெதிரே பேசினார்கள். கடிகாரம் அளப்பது ஒன்று, நாம் வாழ்ந்து கழிக்கும் காலம் இன்னொன்று என்பது பெர்க்சன் பக்கம். தத்துவவாதிகளுக்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது என்பது ஐன்ஸ்டீன் பக்கம். அந்த ஆண்டு டிசம்பரில் ஐன்ஸ்டீனுக்கு நோபல் வழங்கியபோது சார்பியலுக்காக வழங்கவில்லை, ஒளிமின் விளைவுக்காக. பரிசை அறிவித்துப் பேசிய அர்ஹீனியஸ், சார்பியலை பெர்க்சன் எதிர்த்திருப்பதையும் குறிப்பிட்டார். கடிகாரக் கணக்கில் பெர்க்சன் தோற்றார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மியூவான்களே சாட்சி. ஆனால் கணக்குக்கு வெளியே ஒரு மிச்சம் இருக்கிறது என்று அவர் சொன்னதைத்தான், பிற்காலத்தில் கார்னாப்பிடம் ஐன்ஸ்டீனும் வேறு வார்த்தையில் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கருத்து: நாளை 'இருக்கிறதா' என்ற கேள்வியை இயற்பியல் இன்னும் தீர்த்துவைக்கவில்லை. 'இருக்கிறது' என்று வைத்துக்கொள்வது அறிவுக்குப் பொருந்தும் ஒரு கொள்கை. நிரூபணம் இல்லை. அந்தக் கொள்கையையே ஏற்றாலும், வீடியோவின் வாக்கியங்கள் தமிழாகவே தப்பு. "நேற்றும் நாளையும் ஒரே நேரத்தில் இருக்கின்றன." ஒரே நேரத்தில் என்றால் எந்த நேரத்தில்? நேற்று நேற்றில் இருக்கிறது, நாளை நாளையில். "நாளை ஏற்கெனவே நடந்துவிட்டது." ஏற்கெனவே என்றால் இதற்கு முன் என்று பொருள். நாளை இதற்கு முன் நடந்தால் அதற்கு நாளை என்று பெயரில்லை. காலமே இல்லை என்று சொல்ல வந்த வாக்கியத்துக்குள் காலத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அந்த 'ஏற்கெனவே'தான் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையனின் மனசை உடைக்கிறது.

இப்போது அந்த இரண்டு பேருக்கும் வருகிறேன்.

நாளை என்பது மதுரையைப் போல இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரிசல்ட்டும் இருக்கிறது. சரி. அந்த ரிசல்ட் அந்தரத்தில் தொங்குமா? அதன் முன்னே ஒரு விடைத்தாள் இருக்கும். அதன் முன்னே படித்த ராத்திரிகள் இருக்கும், அல்லது படிக்காத ராத்திரிகள் இருக்கும். காலவெளியில் எல்லாமே சங்கிலியாகக் கோத்துத்தான் இருக்கின்றன. கடைசிக் கண்ணி மட்டும் உறுதி, நடுக் கண்ணி தேவையில்லை என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. கடைசிக் கண்ணி அங்கே இருப்பதே நடுக் கண்ணி பிடித்திருப்பதால்தான். தம்பி, நீ படிப்பது அந்த ரிசல்ட்டுக்கு வெளியே நடக்கும் வேடிக்கை இல்லை. அதன் ஒரு பகுதி.

இந்த வாதம் புதிதும் இல்லை. 2200 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் 'குணமாவது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும்' என்று ஒரு வாதம் இருந்தது. அதற்குச் சோம்பேறி வாதம் என்றே பெயர். அதற்குப் பதில் சொன்ன கிரிசிப்பஸ் விதியை முழுக்க நம்பியவர், ஸ்டோயிக் தத்துவக்காரர். குணமாவது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்ந்த விதி என்றார். விதியை நம்புகிறவரே ஒத்துக்கொள்ளாத வாதத்தை நாம் ஏன் சயின்ஸ் என்ற பெயரில் தூக்கிச் சுமக்க வேண்டும்? விதியை நம்புகிற உறவுகளின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போவதும் விதியில் இருக்கலாம், போய்ப் பார்த்தால்தானே தெரியும் மாப்பிள்ளை? திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும். ஆட்டோ சொல்லிவிடுகிறேன், நானும் வருகிறேன்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். ஊருக்குத் திரும்பலாம், அந்த வருஷத்துக்குத் திரும்ப முடியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது வெறும் மனக்குறை என்று நினைத்திருப்போம். இல்லை. பிரபஞ்சத்தின் அடிப்படைக் கணக்கிலேயே அது இருக்கிறது. இடத்தில் தவறவிட்டதை மறுபடி போய் எடுத்துவரலாம், பஸ்ஸில் மறந்த குடையைக்கூட டிப்போவில் போய் வாங்கிவிடலாம். காலத்தில் தவறவிட்டதற்கு டிப்போ கிடையாது. அதனால் பரிசோதனை, படிப்பு, பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிக்கு ஒரு போன், எதையும் 'அங்கே எழுதியிருக்கு' என்று தள்ளிப்போடாதீர்கள். எழுதுகிற பேனாவில் ஒன்று உங்கள் கையில்தான் இருக்கிறது. இது என் ஆறுதல் வார்த்தை இல்லை, காரணம் விளைவுக்கு முன்னால்தான் வரும் என்று எல்லா விண்கலத்திலிருந்தும் ஒத்துக்கொள்கிற இயற்பியல்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், வகுப்பில் கேட்ட மாதிரி. முட்டாள்தனமான கேள்வி என்று ஒன்று கிடையாது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். வீட்டுப்பாடமும் உண்டு: விண்கலம் 4 ஒளியாண்டு தூரம் போகிறது, பூமிக் கடிகாரப்படி 5 ஆண்டு. கலத்தில் இருப்பவருக்கு எத்தனை ஆண்டு? கூட்டிவிடாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்